சாலை வரட்டும், தண்ணீருக்கும் வழி இருக்கட்டும்!

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வட்டாரங்கள் வழியாக நாகப்பட்டினம் வரை நான்கு வழிச்சாலை. மொத்தம் சுமார் 180 கிலோமீட்டர். நான்கு பகுதிகளாகப் பிரித்து இந்தத் திட்டம் வகுக்கப்பட்டது. அதில் சட்டநாதபுரம் - நாகப்பட்டினம் பகுதி சுமார் 56 கி.மீ. இதற்கு 2,426 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 25.2.2021 அன்று புதுச்சேரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். விழுப்புரம் - புதுச்சேரி 29 கி.மீ., பூண்டியாங்குப்பம் - சட்டநாதபுரம் 57 கி.மீ. ஆகிய இரு பகுதிகளும் 6.4.2025 அன்று ராமேஸ்வரத்தில் நடந்த விழாவில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன.

வரவேற்கிறோம். இந்தச் சாலை தேவையில்லை என்று சொல்ல நமக்கு மனம் வராது. பழைய இருவழிச் சாலையில் பயணம் செய்தவர்களுக்கு அதன் அவஸ்தை தெரியும். ஒவ்வொரு ஊருக்குள்ளும் புகுந்து, கடைத்தெருவில் நெளிந்து, ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து, முன்னால் போகும் வைக்கோல் லாரியை முந்த முடியாமல் ஊர்ந்து போன சாலை அது. நெஞ்சுவலி வந்தவரை ஏற்றிக்கொண்டு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு ஓடிய குடும்பங்களைக் கேளுங்கள். ஒரு மணி நேரம் மிச்சமானால் ஓர் உயிர் மிச்சமாகும் என்பதை அவர்கள் சொல்வார்கள்.

நாகூர் கந்தூரிக்கு வருகிறவர்கள், வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்தே போகிறவர்கள், திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கும் திருக்கடையூருக்கும் போகிறவர்கள் என மூன்று சமயத்தாரும் தோளோடு தோள் உரசிப் பயணம் செய்யும் வட்டாரம் இது. மீனும் நெல்லும் உப்பும் வெளியூர் போவதும் இந்த வழியாகத்தான். எனவே சாலை வேண்டுமா வேண்டாமா என்பது நமது கேள்வியல்ல. சாலை எந்த வழியாகப் போகிறது, யாரைக் கேட்டுப் போகிறது, எதை மறித்துப் போகிறது என்பதே நமது கேள்வி.

தண்ணீர் கிழக்கே, சாலை தெற்கே!

காவிரிப் படுகையின் கடைமடையைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். இங்கே தண்ணீர் மேற்கேயிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போகிறது. கொள்ளிடம், காவிரி, வீரசோழனாறு, நண்டலாறு, அரசலாறு, திருமலைராஜனாறு, வெட்டாறு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆறுகள். ஆறுகளுக்கு நடுவே பாசன வாய்க்கால்கள். வாய்க்கால்களுக்கு நடுவே வடிகால்கள். அத்தனையும் கிழக்கே பார்த்து ஓடுகின்றன.

சாலையோ வடக்கேயிருந்து தெற்கே போகிறது. அதாவது, தண்ணீர் போகும் திசைக்குக் குறுக்கே போகிறது!

பழைய சாலையும் அப்படித்தானே போயிற்று என்று கேட்கலாம். போயிற்று. ஆனால் அது தாழ்வான சாலை. வயல் மட்டத்திலிருந்து கொஞ்சம்தான் உயரம். பெருமழை பெய்தால் சாலையே முழுகும். தண்ணீர் அதன் மேல் ஏறி அந்தப் பக்கம் போய்விடும். இரண்டு நாள் போக்குவரத்து நின்றாலும் பயிர் பிழைக்கும். நான்கு வழிச்சாலை அப்படியல்ல. ஊருக்குள் நுழையாமல் வயல்வெளிகளின் ஊடே போகும் புறவழிச்சாலைக்கு உயரமாகக் கரை எடுத்து மண் கொட்டுகிறார்கள். வெள்ளத்தில் சாலை முழுகக் கூடாது என்பது பொறியாளரின் கணக்கு. நியாயமான கணக்குதான். ஆனால் சாலை முழுகாவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கே நிற்கும்? சாலைக்கு மேற்கே உள்ள வயலில் நிற்கும், குடிசையில் நிற்கும்.

கடைமடையில் நிலச்சரிவு மிகக் குறைவு. கடலில் ஓதம் ஏறும் நேரத்தில் வடிகால் தண்ணீர் கடலுக்குள் போகாமல் தேங்கி நிற்கும். ஓதம் இறங்கும் சில மணி நேரத்துக்குள் வடிந்தாக வேண்டும். அந்த நேரத்தில் வழியில் ஒரு மதகு சிறுத்திருந்தாலும், ஒரு குழாய்ப் பாலம் மண்ணடைத்துக் கிடந்தாலும், அன்றைக்கு வடிய வேண்டிய தண்ணீர் மறுநாளும் வடியாது. நட்டு ஒரு மாதமான சம்பா நாற்று ஒரு வாரம் தண்ணீருக்குள் கிடந்தால் அழுகிப் போகும் என்பதை எந்த விவசாயியும் சொல்வார்.

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியதை மறந்துவிட முடியுமா? ஏக்கர் ஏக்கராகப் பயிர் முழுகியது. சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது அரசு. அந்த வெள்ளத்துக்கு இந்தச் சாலைதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. வானம் கொட்டினால் யார் என்ன செய்வது! ஆனால் அப்படிப்பட்ட மழை பெய்யும் மண்ணில், தண்ணீருக்குக் குறுக்கே கரை எடுப்பவர்கள் அந்த மழையைக் கணக்கில் வைத்துத்தான் பாலத்தின் அகலத்தை முடிவு செய்ய வேண்டும் என்கிறோம்.

பெரிய ஆறுகளுக்குப் பாலம் கட்டுவார்கள். அதில் சந்தேகமில்லை. ஆறு என்றால் வரைபடத்தில் நீலக் கோடாகத் தெரியும். வரைபடத்தில் தெரியாத சின்ன வடிகால்கள்தான் ஆபத்தில் இருக்கின்றன. நான்கு வயலுக்கு நடுவே, கோடையில் காய்ந்து கிடக்கும் கன்னி வாய்க்காலைச் சித்திரை மாதத்தில் அளக்க வருகிற அதிகாரிக்கு அது பள்ளமாகத்தான் தெரியும். ஐப்பசியில் வந்து பார்த்தால்தான் அது வாய்க்கால் என்று புரியும். அதனால்தான் சொல்கிறோம்: அந்த ஊர்க்காரரைக் கேளுங்கள். பாசனத்துக்கு மடை திறக்கும் கிழவருக்குத் தெரிவது எந்தக் கணினிக்கும் தெரியாது.

இருபத்தொரு நாள்!

கேட்கிறார்களா? சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி நடக்கிறது. இன்னின்ன சர்வே எண்களில் நிலம் எடுக்கப் போகிறோம் என்று 3ஏ பிரிவின் கீழ் அரசிதழில் அறிவிப்பு வரும். அதன் சுருக்கம் இரண்டு பத்திரிகைகளில் வெளியாகும். ஒன்று தாய்மொழிப் பத்திரிகையாக இருக்க வேண்டும். அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் நிலத்தில் உரிமை உள்ளவர் எழுத்து மூலம் ஆட்சேபனை கொடுக்கலாம். அதிகாரி விசாரித்து ஏற்கலாம், தள்ளலாம். அவர் எடுக்கும் முடிவே இறுதியானது. அதன் பிறகு 3டி பிரிவின் கீழ் அறிவிப்பு வந்துவிட்டால் அந்த நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். அவ்வளவுதான்!

இருபத்தொரு நாள் என்பது எவ்வளவு காலம்? நம்மவர்களின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். தகப்பனார் பெயரில் பட்டா. சில வீடுகளில் பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது. ஒரு மகன் துபாயில், ஒரு மகன் சிங்கப்பூரில், மகள் மாப்பிள்ளை வீட்டில். அறிவிப்பு வந்த பத்திரிகையை வீட்டில் இருக்கும் தாயார் பார்த்தாரா? பார்த்தாலும் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் நிறைந்த அந்தப் பட்டியலில் தன் நிலம் இருப்பது அவருக்குப் புரிந்ததா? மகன் விடுமுறையில் ஊருக்கு வந்து இறங்கும்போது வயலில் எல்லைக்கல் நட்டிருக்கிறது! இது முஸ்லிம் வீட்டின் கதை மட்டுமல்ல. பிழைப்புக்காக வெளியூர் போன எல்லா வீட்டின் கதையும் இதுதான்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பாகப்பிரிவினை ஆகாத சொத்தாக இருந்தால் இழப்பீட்டை யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற தகராறு எழும். தகராறு எழுந்தால் அதிகாரி அதை நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார். நிலமும் போய், பணமும் கைக்கு வராமல், அண்ணனும் தம்பியும் கோர்ட் வாசலில் நிற்க வேண்டி வரும். ஆகவே வாசகர்களுக்கு நமது முதல் வேண்டுகோள், அரசை நோக்கியதல்ல, உங்களை நோக்கியதே. வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். பட்டாவைப் பெயர் மாற்றுங்கள். இன்றைக்கே செய்யுங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவதுதான் புத்திசாலித்தனம்.

நிலம் இல்லாதவனுக்கு என்ன?

இழப்பீட்டு விஷயத்தில் முன்பு இருந்ததைவிட நிலைமை மேம்பட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்துதல் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் 1.1.2015 முதல் நெடுஞ்சாலை நிலங்களுக்கும் பொருந்தும். கிராமப்புற நிலத்துக்குச் சந்தை மதிப்பை ஒன்றிலிருந்து இரண்டு மடங்கு வரை பெருக்கி, அதற்கு மேல் நூறு சதவீத ஆறுதல் தொகையும் தர வேண்டும். தொகை போதாது என்றால் நடுவரிடம் முறையிடலாம். 1997 முதல் 2015 வரை நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு ஆறுதல் தொகையும் வட்டியும் மறுத்தது செல்லாது என்று 19.9.2019 அன்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

ஆனால் சந்தை மதிப்பு எது? வழிகாட்டி மதிப்பையும் பதிவான கிரயப் பத்திரங்களையும் வைத்துத்தான் கணக்கு. நம் ஊர்களில் கிரயம் எப்படிப் பதிவாகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்கக் கைமாறிய தொகை ஒன்று, பத்திரத்தில் எழுதிய தொகை ஒன்று. அன்றைக்கு மிச்சம் பிடித்த காசு இன்றைக்கு நில எடுப்பில் பல மடங்காகக் கை நழுவுகிறது. இதில் குற்றம் அரசு மீது மட்டுமில்லை.

பட்டா உள்ளவருக்காவது ஏதோ ஒரு தொகை வருகிறது. குத்தகைக்கு உழுதவருக்கு? கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் வக்ஃப் நிலத்தையும் இரண்டு தலைமுறையாகக் குத்தகைக்குப் பயிர் செய்யும் குடும்பங்கள் டெல்டாவில் ஏராளம். நாற்று நட்டும் களை பறித்தும் கதிர் அறுத்தும் பிழைக்கும் தாழ்த்தப்பட்ட சமுதாயப் பெண்களுக்கு? நிலம் சாலையானால் அவர்களுக்குப் பத்திரமும் இல்லை, பணமும் இல்லை!

சட்டம் அவர்களை மறக்கவில்லை. சொந்த நிலம் இல்லாவிட்டாலும், மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரர், வாரத்துக்கு உழுதவர், கூலித் தொழிலாளி ஆகியோரின் குடும்பங்களும் பாதிக்கப்பட்ட குடும்பங்களே என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. மறுவாழ்வு விதிகளின் அட்டவணையில் வேலை, அல்லது 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாத உதவித்தொகை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்தில் இருப்பது ஏழையின் வீட்டு வாசலுக்கு வருகிறதா? அடங்கலில் பெயர் இல்லாத குத்தகைதாரர் தன் உழைப்பை எதைக் காட்டி நிரூபிப்பார்? இந்தக் கேள்விக்கு வருவாய்த் துறைதான் பதில் சொல்ல வேண்டும்.

காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்றே என்று சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2020இல் வந்த அந்தச் சட்டம் ஹைட்ரோ கார்பன் போன்ற தொழில்களைத் தடுக்கிறது. சாலைக்கு அது தடையல்ல. அதைக் காட்டி யாரும் ஏமாற வேண்டாம்.

ஊரை விட்டு விலகும் சாலை

புறவழிச்சாலையால் ஊருக்குள் நெரிசல் குறையும், விபத்து குறையும். நல்லதுதான். அதே நேரத்தில் பழைய சாலையோரத்தில் டீக்கடை, புரோட்டாக் கடை, பஞ்சர் கடை, இளநீர்க் கடை வைத்துப் பிழைத்தவர்களின் வியாபாரம் ஒரே மாதத்தில் படுத்துவிடுகிறது. அவர்களுக்கு இழப்பீடு என்ற பேச்சே கிடையாது.

பஸ் விஷயம் இன்னும் மோசம். தொலைதூரப் பேருந்துகள் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே பயணிகளை இறக்கிவிடுவது தமிழகம் முழுவதும் நடக்கிற கதை. இரவு இரண்டு மணிக்கு, விளக்கு இல்லாத இடத்தில், கைக்குழந்தையோடு ஒரு பெண் இறக்கிவிடப்பட்டால் அவர் ஊருக்குள் எப்படிப் போவார்? ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்துத்தான் போக வேண்டும். சாலை போடத் திட்டம் போட்டவர்கள் பஸ் நிறுத்தத்துக்கும் திட்டம் போட்டிருக்க வேண்டாமா?

கிழக்கே கடலோரம் மீனவக் கிராமங்கள். மேற்கே பள்ளிக்கூடம், மருத்துவமனை, தாலுகா ஆபீஸ். நடுவே அதிவேகச் சாலை. 26.12.2004 அன்று சுனாமி வந்தபோது நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்றைக்கு உயிர் பிழைத்தவர்கள் மேற்கே பார்த்துத்தான் ஓடினார்கள். பரங்கிப்பேட்டை முஸ்லிம்கள் மீனவக் குடும்பங்களுக்குச் சோறாக்கிப் போட்டதை அந்த மக்கள் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கிறார்கள். அப்படி ஒரு நாள் மீண்டும் வரக் கூடாது. வந்தால், கிழக்கே இருப்பவர் மேற்கே ஓடுவதற்கு ஒவ்வொரு கிராமத்துக்கும் சாலையின் அடியிலோ மேலேயோ அகலமான வழி இருக்க வேண்டும். இரண்டு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போக அன்றைக்கு நேரம் இருக்காது.

நாம் கேட்பது

1. சாலைக்கு மேற்கே மழைக்காலத்தில் தண்ணீர் எங்கெங்கே தேங்குகிறது என்பதை நெடுஞ்சாலைத் துறையும் நீர்வளத் துறையும் விவசாயிகளும் சேர்ந்து ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நேரில் பார்க்க வேண்டும். குறுகலான குழாய்ப் பாலங்களை அகலப்படுத்த வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக ஒவ்வோர் ஆண்டும் தூர்வாருவது யார் பொறுப்பு என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

2. இனி எடுக்கப்போகும் நிலம் பற்றிய அறிவிப்பை அரசிதழோடும் பத்திரிகையோடும் நிறுத்தாமல், ஒவ்வொரு ஊரிலும் தண்டோரா போட்டு, ஊராட்சி அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலகத்திலும் தமிழில் வரைபடத்தோடு ஒட்ட வேண்டும். 3ஏ அறிவிப்புக்கு முன்பாகவே கிராம சபையில் பாதையை விளக்க வேண்டும்.

3. குத்தகைதாரர், கூலித் தொழிலாளர் பட்டியலை ஊர் கூடி அறியத் தயாரித்து, சட்டம் தரும் மறுவாழ்வுத் தொகையை நில இழப்பீடு கொடுக்கும்போதே கொடுக்க வேண்டும்.

4. வக்ஃப் நிலம், பள்ளிவாசல், கபரஸ்தான், கோயில், சுடுகாடு, மாதாகோயில் நிலம் பாதையில் வந்தால் உரிய வாரியத்துக்கும் நிர்வாகத்துக்கும் முன்கூட்டியே தெரிவித்து, இயன்றவரை பாதையை விலக்கிக்கொள்ள வேண்டும்.

5. ஒவ்வோர் ஊர்ப் பிரிவிலும் விளக்கு, நிழற்குடை, சர்வீஸ் ரோடு, டிராக்டரும் அறுவடை இயந்திரமும் நுழையும் அளவுக்குச் சுரங்கப்பாதை அமைக்க வேண்டும். இரவுப் பேருந்துகள் ஊருக்குள் வந்து போக வேண்டும்.

இவற்றில் எதுவும் நடக்காத காரியமல்ல. ஆயிரக்கணக்கான கோடியில் சாலை போடுகிறவர்களுக்கு ஒரு மதகை அகலப்படுத்துவது பெரிய செலவா?

நாளை நம் வாசலில்

நாகப்பட்டினத்தோடு இந்தச் சாலை முடிந்துவிடவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை 32 முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று கடலோரமாகவே தூத்துக்குடி வரை போகிறது. நம் மக்கள் அடர்த்தியாக வாழும் ஊர்கள் இவை. அந்தப் பாதையும் ஒருநாள் அகலமாகும். அப்போது கல் நட்ட பிறகு கூடிக் கூச்சல் போடுவதில் பயனில்லை.

எனவே ஒவ்வொரு ஜமாஅத்தும் இப்போதே ஒரு சிறு குழுவை அமைக்கட்டும். ஊர் நிலங்களின் சர்வே எண், பட்டா நிலவரம், வக்ஃப் சொத்து விவரம், வடிகால் போகும் வழி அத்தனையும் ஒரு நோட்டில் இருக்கட்டும். அரசிதழ் அறிவிப்பைப் படித்துச் சொல்ல ஊருக்கு ஒரு வழக்கறிஞரோ, படித்த இளைஞரோ பொறுப்பேற்கட்டும். பக்கத்து ஊர் விவசாயச் சங்கத்தையும் மீனவப் பஞ்சாயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயலில் தேங்கும் தண்ணீர் சாதி மதம் பார்த்துத் தேங்குவதில்லை; தனித்தனியாகப் போய் நின்றால் எந்த அதிகாரியும் நாற்காலி போட மாட்டார்.

வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு பகுதி என்று கற்ற சமுதாயம் நாம். அப்படியிருக்க, ஒரு வழியே பிறருக்கு இடையூறாக அமைவதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கலாமா?

சாலை வரட்டும். வேகமாகப் போகிறவர் வேகமாகப் போகட்டும். அந்தச் சாலையின் அடியில் விவசாயியின் தண்ணீரும், சாலையின் குறுக்கே ஏழையின் காலும் தடையின்றிப் போக வழி இருக்கட்டும். ஆட்சியாளர்கள் செவிசாய்ப்பார்களா?